கோபேயில் கொசுறு

வேண்டாம்னு கையை ஆட்டுதீங்க பாத்தீங்களா அண்ணாச்சி, அதையெல்லாம் நான் காதுலயே போட்டுக்கிட மாட்டேன். பிடிங்க. ஒண்ணே ஒண்ணு. சரி, ரெண்டா வச்சுக்கோங்க, ஒத்தையா கொடுக்கப்படாது. எங்க அத்தான் கம்பெனி கடலைமிட்டாய்தான். சுகரா? இப்ப யாருக்குத்தான் சுகர் இல்ல? மதுரையில பஸ் ஏறுனா கோவில்பட்டி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வாயைச் சும்மா வச்சுக்கிட்டா இருக்க முடியும்?

இந்த மிட்டாய் இப்ப ஜப்பான்ல விக்குது, தெரியுமா? கோபேன்னு ஒரு ஊரு. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மலை. அங்கன கொண்டுபோய் வித்தது யாருங்கீங்க? இந்தா ஒங்க பக்கத்துல உக்காந்திருக்கேனே, இந்த வெயிலுமுத்துதான். நம்பாத மாதிரி பாக்காதீங்க. பாஸ்போர்ட்டு இடுப்புலதான் இருக்கு, எடுத்துக் காட்டட்டுமா?

எங்க அத்தான் பேரு தவசிலிங்கம். எங்கக்கா சண்முகக்கனியைக் கட்டினவரு. அப்பா அம்மா போனப்புறம் நான் அக்கா வீட்டோட வந்து ஒட்டிக்கிட்டேன். அப்ப எனக்குப் பதினேழு வயசு, இப்ப முப்பத்தெட்டு. இத்தனை வருசமும் அவரு கம்பெனியில கடலை வறுக்க சட்டிதான் எனக்கு. குறை சொல்லலை. சோத்துக்குக் குறை வச்சதில்ல. ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க வந்து, "மாப்பிள்ளைக்குச் சொந்தமா என்ன இருக்கு?"ன்னு கேப்பாக. அத்தான் வெத்தலையை மென்னுக்கிட்டே, "பசி இருக்கு"ம்பாரு. வந்தவுக எல்லாரும் சிரிப்பாக. நானும் சேந்து சிரிப்பேன். சிரிக்காம வேற என்ன செய்ய?

போன வருசம் கோபேயில ஒரு பெரிய கடைக்காரங்க, இந்தியச் சாமானுக்குன்னு பன்னெண்டு நாள் விழா போட்டாக. கடை பேரு என் வாயில நுழையாது, விடுங்க. பத்து மாடி. தரைக்குக் கீழ ஒரு தளம் பூராவும் திங்கிற பண்டந்தான். சனங்க எப்படி வாங்குதாகன்னு பன்னெண்டு நாளும் பாப்பாக, பிடிச்சிருந்தா வருசம் பூராவும் ஆர்டர். அத்தானுக்கு ஏரோப்பிளேன்னு சொன்னாலே ஆகாது. என்னைக் கூப்பிட்டாரு. "ஏல, ஆர்டரோட வந்தேன்னா நீ எனக்குக் கூட்டாளி. பத்திரத்துல பேரு போட்டுத் தாரேன். வெறுங்கையோட வந்தேன்னா பழைய சட்டி, பழைய கரண்டி. அப்புறம் வாயைத் திறக்கப்படாது"ன்னாரு. அக்கா எனக்குத் திருநீறு பூசி விட்டா.

அங்கன போனா என்னா மரியாதைங்கீங்க! காலையில பத்து மணிக்குக் கடையைத் திறக்கையில அந்தத் தளத்துல நிக்க அத்தனை பொம்பளையும் ஆம்பளையும் வரிசையா நின்னு குனிஞ்சு கும்பிடுதாக. எனக்குக் கூச்சமாப் போச்சு. நானும் பதிலுக்கு ஒவ்வொருத்தரையா பாத்துக் கும்பிட்டேன். கும்பிட்டு முடிக்க கால் மணி நேரம் ஆச்சு. எனக்குப் பேச்சு மாத்திச் சொல்ல ஒரு பொண்ணை ஏற்பாடு பண்ணியிருந்தாக. மலர்விழின்னு பேரு. ஆறுமுகநேரிக்காரி. புருசனுக்கு அங்கன வேலை, பத்து வருசமா இருக்கா. "அண்ணே, அவங்க வாடிக்கைக்காரங்களைக் கும்பிடுறாங்க, ஒங்களை இல்ல"ன்னா. கெடக்கட்டும். நம்ம கும்பிட்டா என்ன கொறைஞ்சா போவோம்?

மொத நாளு மிட்டாயைச் சின்னச் சின்னதா உடைச்சுத் தட்டுல வச்சு நீட்டினேன். வந்தவுக எல்லாம் எடுத்தாக. எடுத்து வாயில போட்டு, "ஒய்ஷீ, ஒய்ஷீ"ங்காக. நல்லாருக்குன்னு அர்த்தமாம். ஒருத்தர் விடாமச் சொன்னாக அண்ணாச்சி. மலரு சொல்லுதா, "அது மரியாதைக்குண்ணே. நீங்க வேப்பிலையைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க"ன்னு. அவ சின்னப்பிள்ளை, அவளுக்கு யாவாரம் என்ன தெரியும்? ஆனா ஒரு பாக்கெட்டும் போகலைங்கது வாஸ்தவந்தான்.

சாயந்தரம் நகாமுரான்னு ஒருத்தரு வந்தாரு. அந்தத் தளத்துக்கே அவருதான் பெரிய ஆளு. ஆர்டர் கொடுக்கதும் கெடுக்கதும் அவரு கையிலதான். அடுக்கின பாக்கெட்டைப் பாத்தாரு, பல்லிடுக்கு வழியா மூச்சை இழுத்தாரு, "கொஞ்சம் கஷ்டமா இருக்கு"ன்னாரு. ஜப்பான்காரங்க முடியாதுங்கதை அப்படித்தான் சொல்லுவாகன்னு மலரு பெறகு சொன்னா. எனக்கு அப்படித் தெரியலை. பெரிய வேலையில இருக்க மனுசன், வீட்ல என்ன கஷ்டமோ, நம்ம முகத்தைப் பாத்ததும் சொல்லணும்னு தோணிருக்கு. பாவம்னு ரெண்டு பாக்கெட்டை எடுத்து, "பிள்ளைகளுக்குக் கொடுங்க"ன்னு அவரு கோட்டுப் பையிலயே திணிச்சு விட்டேன்.

ரெண்டாம் நாளு காலையிலதான் போணி ஆச்சு. ஒகாவான்னு ஒரு அம்மா. எண்பது வயசு இருக்கும். வெள்ளை முடி, நீலக் கோட்டு, கையில குடை. ஒரே ஒரு பாக்கெட்டு வாங்கினாக. நான் துட்டைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, பையில கொசுறா ரெண்டு மிட்டாயைப் போட்டு விட்டேன். போணிக்குக் கொசுறு போடலைன்னா அந்த யாவாரம் விளங்குமா? நீங்களே சொல்லுங்க. அவுக கும்பிட்டுட்டுப் போயிட்டாக.

அரை மணி நேரத்துல ஓட்டமும் நடையுமாத் திரும்பி வந்துட்டாக. மூச்சு இரைக்குது. உள்ளங்கையில அந்த ரெண்டு மிட்டாயும் இருக்கு. ரயிலடி வரைக்கும் போனவுக, பையில ரெண்டு கூட இருக்குன்னு பாத்துட்டுத் திருப்பிக் கொடுக்க வந்திருக்காக. "நீங்க தெரியாமப் போட்டுட்டீங்க, மன்னிச்சிருங்க"ங்காக. தப்புப் பண்ணுனது நானாம், மன்னிப்புக் கேக்கது அவுகளாம்! "இல்லம்மா, ஒங்களுக்குத்தான்"னு திருப்பித் தாரேன். வேண்டாங்காக. நான் விடுவேனா? நம்ம பக்கம் வேண்டாம்னா என்ன அண்ணாச்சி அர்த்தம்? இன்னொரு தடவை சொல்லுன்னு அர்த்தம். பந்தியில போதும் போதும்னு இலைக்கு மேல கையை வச்சு மறைப்பாக. விரலு இடுக்கு வழியா சாம்பாரை ஊத்தினாத்தான் அவுகளுக்குத் திருப்தி. ரெண்டோட இன்னும் ரெண்டைச் சேத்து நாலாக் கொடுத்து அனுப்பிச்சேன். அந்த அம்மா முகம் வெளிறிப் போச்சு. சந்தோசத்துல சில பேருக்கு அப்படித்தான் ஆகும்.

மறுநா காலையில கடை திறக்கதுக்கு முந்தியே வாசல்ல நிக்காக. கையில ஒரு துணி முடிச்சு. அவுத்தா உள்ள அரக்குப் பூசின மரப்பெட்டி, மினுமினுன்னு. தெறந்தா சோத்து உருண்டை, மேல சிவப்புப் பயறை அரைச்சு அப்பியிருக்கு. அவுக கையால செஞ்சது. எனக்காம். வாயில வச்சேன். இனிப்புப் போட மறந்துட்டாகளோன்னு இருந்துச்சு. ஆனா அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்படாது. அக்கா சோறு போடுவா, தீவாளிக்குச் சட்டை எடுத்துத் தருவா, அது வேற. ஒருத்தர் என்னை நெனச்சு, வீட்ல மெனக்கெட்டு ஒரு பண்டம் செஞ்சு, துணியில முடிஞ்சு எடுத்துட்டு வந்தது அதுதான் மொதத் தடவை. முப்பத்தேழு வயசுல. கண்ணு கலங்கிப் போச்சு. மலரு பாக்காம அந்தப் பக்கம் திரும்பித் தொடச்சுக்கிட்டேன்.

சரி, பெட்டியோ சட்டியோ, ஏனம் வந்துருச்சே. அடுத்த வீட்டு ஏனத்தை வெறும் ஏனமாத் திருப்பிக் கொடுப்போமா நாம? ஒரு கை அரிசியாவது போட்டுத்தானே கொடுப்போம்? அந்த மரப்பெட்டி நெறைய மிட்டாயை அடுக்கினேன். மூடி மூடலை, அமுக்கி மூடினேன். "அண்ணே, வேண்டாம்ணே, அவங்க ஒங்க கொசுறுக்குப் பதில் செஞ்சு முடிச்சிட்டாங்க, இதோட விட்டுருங்க"ன்னு மலரு கையைப் பிடிக்கா. "எம்மா, ஆறுமுகநேரியில ஒங்க வீட்ல வெறும் பாத்திரமா கொடுப்பீக?"ன்னு கேட்டேன். பிடிச்ச கையை விட்டுட்டா.

அப்புறம் என்ன, பிடிச்சுக்கிட்டுது. அவுக தேயிலை டப்பா கொண்டாந்தாக, நான் அஞ்சு பாக்கெட்டு கொடுத்தேன். அவுக பூப்போட்ட துண்டு ரெண்டு கொண்டாந்தாக, நான் பத்து பாக்கெட்டு கொடுத்தேன். ஒருநா மலரு சொன்னா, "அவங்களுக்குப் பல்லு செட்டுண்ணே. இதைக் கடிக்கவே முடியாது"ன்னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ராவோட ராவா ரூம்ல டம்ளர் அடியால இடிச்சு, பொடியாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இத்தனை கரிசனமா அவுகளுக்கு யாரு செஞ்சிருப்பா? வாங்கிக்கிட்டு ஒரு கும்பிடு கும்பிட்டாக, நெத்தி முழங்காலைத் தொட்டிரும் போல இருந்துச்சு.

இதுக்குள்ள சுத்துப்பட்டுல இருந்து ஆளுக வர ஆரம்பிச்சிட்டாக. ஒகாவா அம்மா அத்தனை மிட்டாயையும் வச்சு என்ன செய்வாக? தெரு பூராவும் பங்கு வச்சிருக்காக. வாங்கின வீட்டுக்காரங்க அவுகளுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கணும்ல? அதுக்கு நம்ம கடைத் தளத்துக்குத்தான் வாராக. எதிர்த்தாப்புல இருக்க தேயிலைக் கடையில கூட்டம், பக்கத்துப் பழக்கடையில கூட்டம். "ஒரு தெருவையே மாட்டி விட்டுட்டீங்களேண்ணே"ன்னு மலரு தலையில அடிச்சுக்கிட்டா. தேயிலைக் கடைக்காரி மட்டும் என்னைக் கண்டா அரை அடி கூடவே குனிவா. வந்தவுகள்ல சில பேரு நம்மகிட்டயும் ஒண்ணு ரெண்டு வாங்கினாக. எல்லாருக்கும் கொசுறு போட்டேன். அவுகளும் திரும்பி ஓடி வந்தாக.

நகாமுரா சாரு மறுபடி வந்தாரு. "இங்க வச்ச விலைக்குத்தான் கொடுக்கணும், சும்மா கொடுக்கிறது ரொம்பக் கஷ்டம், ரொம்ப ரொம்பக் கஷ்டம்"ன்னாரு. எனக்கு மனசு கேக்கலை. அவரைத் தோளோட அணைச்சு, "எல்லாம் சரியாப் போயிரும் சார்"னு முதுகைத் தட்டிக் கொடுத்தேன். தளமே அப்படியே நின்னு பாத்துச்சு. மலரு என்ன சொன்னாளோ, நான் ஒரு வார்த்தை சொன்னா அவ பத்து வார்த்தை சொல்லுவா, அதுல பாதி குனிஞ்சுக்கிட்டே.

பதினோராம் நாளு ஒகாவா அம்மாவோட மகன் வந்தாரு. அம்பது வயசு ஆளு, டை எல்லாம் கட்டி. வந்ததும் குனிஞ்சவரு நிமிரவே இல்ல. "எங்கம்மா ராத்திரி தூங்கிறதில்ல. நாளைக்கு என்ன கொடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. வீட்ல வைக்க இடமில்ல. தயவுசெஞ்சு இதோட நிறுத்திக்கோங்க"ன்னு சொல்லுதாருன்னு மலரு சொன்னா. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அம்மா சொல்லி விட்டாகளா?" இல்லையாம், அம்மாவுக்குத் தெரியாதாம். பாத்தீங்களா? சீரு செய்ய விடாமத் தடுக்கதுக்குன்னே ஒவ்வொரு வீட்லயும் ஒரு மகன் இருப்பான். நல்ல மனுசனைக் கோவத்தோட அனுப்பப்படாதுன்னு, மிச்சம் இருந்த நாப்பது பாக்கெட்டையும் ஒரு தள்ளுவண்டியில ஏத்தி அவரு கையில கொடுத்துட்டேன். "வேண்டாம், வேண்டாம்"னாரு. அதான் சொன்னேனே, நான் அதைக் காதுல போட்டுக்கிட மாட்டேன்னு.

கடைசி நாளு. என் மேசை மேல ஒண்ணும் இல்ல, வெறும் பலகை. ஒகாவா அம்மா வந்தாக. ரெண்டு கையாலயும் ஒரு பெட்டியைத் தாங்கிப் பிடிச்சிருக்காக. உள்ள மெத்தை மாதிரி பஞ்சு, அதுக்கு நடுவுல ஒரே ஒரு முலாம்பழம், காம்போட. அதோட விலையை மலரு காதுல சொன்னா. அந்த விலைக்கு எங்க ஊருல ஒரு வெள்ளாட்டங்குட்டியே வாங்கிறலாம். நான் பாக்கெட்டைத் தொழாவுதேன், சீப்பும் ரூம் சாவியுந்தான் இருக்கு. கொடுக்க ஒரு மிட்டாய் இல்ல. அம்மா என்னையப் பாத்துச் சிரிச்சாக. என்னமோ சொன்னாக. மலரு, "வீட்டுக்காரர் போனப்புறம் ரெண்டு வருசமா வீட்டை விட்டு வெளிய வர்றதே அபூர்வமாம். ஒங்களுக்குப் பதில் செய்யத்தான் தினமும் கோட்டை எடுத்து மாட்டுனாங்களாம்"னா. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். வாங்கிட்டு வெறுங்கையா நின்னது என் ஆயுசுல அன்னைக்குத்தான். அந்தப் பழத்தை மலரு வீட்ல வெட்டித் தின்னோம். சும்மா சொல்லப்படாது, தேனு. ஆனா ஒரு துண்டுக்கு மேல நான் எடுக்கலை.

ஊருக்கு வந்தா அத்தான் வாசல்லயே நிக்காரு. "ஆர்டர் எங்கல?" "வரும்." "சரக்கு?" "தீந்து போச்சு." "எல்லாம் வித்துட்டியா?" நான் விவரம் சொன்னேன். முழுசும் கேட்டுட்டு, உள்ள போய்க் கரண்டியை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்தாரு. மூணு வாரம் வறுத்தேன். அக்கா என் முகத்தைப் பாக்கதே இல்ல. கூட வறுக்கவுக "என்ன ஜப்பான்காரரே, கடலை கருகுது"ம்பாக. இனிமே சாகுற வரைக்கும் இந்தச் சட்டிதான்னு முடிவு பண்ணிட்டேன்.

நாலாவது வாரம் ஆர்டர் வந்துட்டுது. ஆமா! வருசத்துக்கு! அத்தான் கண்ணாடியை மூணு தடவை தொடச்சுத் தொடச்சுப் படிக்காரு. ரெண்டு ரெண்டு மிட்டாயா, அழகான சின்ன டப்பாவுல போட்டு அனுப்பணுமாம். மலருக்குப் போன் போட்டேன். "பரிசு வாங்கினவங்க பதிலுக்குத் திருப்பிக் கொடுக்கிற சாமானுக்குன்னு கடையில ஒரு பகுதி இருக்குண்ணே, அதுல வச்சிருக்காங்க. யாரும் பெருசா திங்கிறதில்ல. கெட்டுப் போகாது, கைக்கு அடக்கமா இருக்கு, கொடுக்கத் தோது. வாங்கினவங்க இன்னொருத்தருக்குக் கொடுக்க, அவங்க இன்னொருத்தருக்குக் கொடுக்கன்னு சுத்திக்கிட்டே இருக்கு"ன்னா. பாத்தீங்களா, என்னா ருசி கண்டுட்டாகன்னு! ஒரு டப்பா நாலு வீடு சுத்துதுன்னா, பிடிக்காமயா சுத்தும்?

ஆர்டரோட நகாமுரா சாரு தனியா ஒரு கடுதாசியும் வச்சிருந்தாரு. இங்கிலீசுல இருந்துச்சு. அத்தான்தான் படிச்சுச் சொன்னாரு. "திருவாளர் வெயிலுமுத்து எங்களுக்காக அளவுக்கு மீறி உழைத்துவிட்டார். இனி அவர் இவ்வளவு தொலைவு பயணம் செய்து தம்மைச் சிரமப்படுத்திக்கொள்ள வேண்டாம் என்று தளத்தில் உள்ள அனைவரும் மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அவர் தம் ஊரிலேயே நீடூழி வாழட்டும்." படிக்கும்போதே அத்தானுக்குக் கண்ணுல தண்ணி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்துட்டாரு. இத்தனை வருசத்துல என்னை நெனச்சு அந்த மனுசன் அழுது அன்னைக்குத்தான் பாத்தேன்.

சொன்ன சொல்லுக்குப் பத்திரமும் எழுதிட்டாரு, அதுல குறையில்ல. ஆனா அடியில ஒரு வரி சேத்துட்டாரு. ஜப்பான் பக்கம் நான் தலை வச்சும் படுக்கப்படாதாம். மீறினா பத்திரம் செல்லாதாம். "ஆர்டர் நிக்கணும்னா நீ இங்கனயே நில்லு"ங்காரு. நான் மலருகிட்டக் கேட்டேன். "வந்துராதீங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னா. ஒகாவா அம்மா மகனுக்கு மலரை வச்சு ஒரு கடுதாசி போட்டேன். உடனே பதில், ரெண்டு பக்கம், வர வேண்டாம்னு. நகாமுரா சாரு வேண்டாங்காரு, மலரு வேண்டாங்கா, மகன் வேண்டாங்காரு. இதுக்கு மேல ஒரு மனுசனை எப்படி அண்ணாச்சி கூப்பிடுவாக?

அதான், மெட்ராஸ் போய் விசா வாங்கிட்டு வாரேன். திரும்புகால்ல ரயிலுக்கு மதுரை வரைக்குந்தான் டிக்கெட் கெடைச்சுது. அடுத்த வியாழக்கிழமை ஏரோப்பிளேன். அத்தானுக்குத் தெரியாது. தெரிஞ்சா பத்திரத்தைக் கிழிப்பாரு. கிழிக்கட்டும். சட்டி எனக்குப் புதுசா? பத்திரத்துல என் பேரைப் பாக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை. ராத்திரி பூரா தலைமாட்டுலயே வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். ஆனா கண்ணை மூடினா, அந்த அம்மா முன்னால வெறுங்கையா நின்னதுதான் வருது.

பின்னாடி படிக்கட்டுப் பக்கம் சாக்கு சுத்தி ஒண்ணு கெடக்கே, ஏறும்போது கால்ல இடிச்சிருக்குமே, அது நம்மளுதுதான். மதுரையில எடுத்தேன். பித்தளை அண்டா. அம்பது பேருக்குச் சோறு பொங்கலாம். அது நெறைய மிட்டாய் போட்டுக் கொண்டுபோய் ஒகாவா அம்மா வீட்டு வாசல்ல இறக்கப் போறேன். மிட்டாயைப் பத்திக் கவலையில்ல, அவுக தெருவே இருக்கு. அண்டாதான் விசயம். ஒரே நாள்ல நெறையுமா அது? அவுக வெறும் ஏனமாத் திருப்பித் தர ஆளு கிடையாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சேக்கணும். சேக்கணும்னா தினம் வீட்டை விட்டு வெளிய கெளம்பித்தானே ஆகணும்? கெளம்பட்டும். எத்தனை மாசம் ஆனாலும் சரி, நான் அங்கனதான் நிப்பேன்.